நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்ஸ் மெனுவை மட்டும் நம்பி கெர்னல் கட்டாதீர்கள்

டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) கொடுத்த லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல், சொந்தமாக ஒன்று கட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முழு கான்ஃபிக்கோடு (எதையெல்லாம் சேர்ப்பது என்ற பட்டியல்) கம்பைல் செய்தால் எப்போது முடியும் என்றே தெரியாது, அதனால் மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டினேன். இது என்ன செய்யும் என்றால், அந்த நிமிடத்தில் எல்எஸ்மாட் கட்டளை காட்டும் மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றும் துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு, எம் (மாட்யூல்) என்று குறித்திருந்த மற்ற எல்லாவற்றையும் கான்ஃபிக்கிலிருந்து கழித்துவிடும். 2.6.32 காலத்திலிருந்து கெர்னலோடு வரும் வசதிதான். ஆயிரக்கணக்கில் இருந்த மாட்யூல்கள் நூற்றுச் சொச்சமாகச் சுருங்கின, ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கம்பைல் முடிந்தது. ரீபூட் செய்தேன். திரை வந்தது, வைஃபை வந்தது, சத்தம் வந்தது. சந்தோஷம்.

அன்று மாலை வீட்டு சர்வரில் இருக்கும் படங்களை, நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் மூலம் திறக்கப் போனபோதுதான் "நோ சச் டிவைஸ்" என்று மவுன்ட் கட்டளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சாதனம் இல்லை என்று சொன்னால் யாராக இருந்தாலும் எதிர்முனையைத்தானே சந்தேகப்படுவோம்? நானும் சர்வரில் டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்தேன், எதைப் பகிர்வது என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைத் திருப்பித் திருப்பிப் படித்தேன், கேபிளைப் பிடுங்கி மாட்டினேன், பிங் அடித்தேன். ஒரு மணி நேரம் போனது. அந்தச் செய்திக்கு டிஸ்க்கோடும் சர்வரோடும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என்எஃப்எஸ் என்ற பெயரில் எனக்கு ஒரு ஃபைல்சிஸ்டமும் தெரியாது என்று என் கெர்னல் சொல்கிறது, அதற்கு அது பயன்படுத்தும் பிழை எண் 19, அந்த எண்ணுக்குரிய வாசகம் "நோ சச் டிவைஸ்". ப்ராக் அடைவுக்குள் ஃபைல்சிஸ்டம்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது, இப்போதைக்குக் கெர்னலுக்கு எந்தெந்த ஃபைல்சிஸ்டம் தெரியும் என்ற பட்டியல். அதை முதலில் பார்த்திருந்தால் பத்து விநாடியில் முடிந்திருக்கும். (மாட்யூலாக இருப்பது ஏற்றப்பட்ட பிறகுதான் அந்தப் பட்டியலில் வரும், அதனால் அதில் இல்லையென்றால் மாட்ப்ரோப் என்எஃப்எஸ் என்று ஒரு தடவை அடித்துவிட்டுப் பாருங்கள். மாட்யூலே இல்லை என்றால் மாட்ப்ரோப் அதை நேராகவே சொல்லிவிடும்.)

என்ன நடந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டிய நேரத்தில் நான் என்எஃப்எஸ் எதையும் மவுன்ட் செய்திருக்கவில்லை. என் கணினியில் ஆட்டோஎஃப்எஸ் இருக்கிறது, பகிர்வுக்கான அடைவைத் தொட்டால்தான் மவுன்ட் ஆகும், அன்று காலையிலிருந்து தொடவே இல்லை. ஒரே ஒரு முறை உள்ளே போய்விட்டு வந்திருந்தால்கூடப் போதும். அன்மவுன்ட் ஆன பிறகும் மாட்யூல் நினைவகத்திலேயே உட்கார்ந்திருக்கும், எல்எஸ்மாட் பட்டியலில் வந்திருக்கும். பிரிண்டர், யுஎஸ்பி சீரியல், வெப்கேம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், ஆனால் அவற்றை இழந்தால் உடனே புரியும். நெட்வொர்க் ஃபைல்சிஸ்டம் மட்டும்தான் குற்றத்தை எதிர்முனை மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கும். புதிய கெர்னல்களில் எல்எம்சி கீப் என்று ஒரு மாறியைக் கொடுத்து, எஃப்எஸ் அடைவுக்குள் இருப்பதைத் தொடாதே என்று சொல்ல முடியும். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

சரி, கான்ஃபிக்கைத் திருத்தலாம் என்று, அதை மெனு வடிவில் காட்டும் மெனுகான்ஃபிக்கைத் திறந்தேன். ஃபைல் சிஸ்டம்ஸ், அதற்குள் நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்ஸ். என்எஃப்எஸ் கிளையன்ட், என்எஃப்எஸ் சர்வர், எஸ்எம்பி கிளையன்ட், எஸ்எம்பி சர்வர், செஃப், கோடா, ஏஎஃப்எஸ், பிளான் 9 என்று வரிசையாக இருக்கும். பார்க்க மிகவும் ஒழுங்காகத் தெரியும். வேண்டியதில் எம் போட்டுவிட்டு வந்தால் முடிந்தது என்று தோன்றும். இல்லை. இந்த மெனு வெறும் முன்வாசல். இதில் உள்ள ஒவ்வொன்றும் ஒழுங்காக வேலை செய்யத் தேவைப்படும் பாதிச் சமாச்சாரம் கான்ஃபிக்கின் வேறு மூலைகளிலும், கெர்னலுக்கு வெளியிலும் கிடக்கிறது. அப்புறம் நான் மாட்டிக்கொண்ட எல்லா இடமும் இந்த ஒரே காரணத்தால்தான்.

முதலில் என்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் உருவாக்கியது, 2-ஆம் பதிப்பு 1989-இல் ஆர்எஃப்சி 1094 ஆக வந்தது, 3-ஆம் பதிப்பு 1995-இல். 4.2 வந்தது 2016-இல். மெனுவில் இந்தப் பதிப்புகள் தனித்தனியாக நிற்கும். 2-ஐ யோசிக்காமல் விட்டுவிடலாம், அதில் ஒரு கோப்பு 2 ஜிபி-யைத் தாண்ட முடியாது, சர்வர் பக்கத்தில் கெர்னலே 6.2-இலிருந்து அதை இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டது. நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன்: 4 என்றால் கெர்பரோஸ் (அடையாளம் சரிபார்க்கும் முறை), கீரிங் (கெர்னலின் சாவிக்கொத்து) என்று தலைவலிகள் வரும், வீட்டுக்கு 3 போதும் என்று 4-ஐ அணைத்துவிட்டேன். கெர்பரோஸ் கட்டாயம் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, எப்போதோ எங்கேயோ அரைகுறையாகப் படித்தது மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மவுன்ட் செய்தால் இப்போது வேறு பிழை. ஸ்டாட்டிடி ஓடவில்லை, தொலைப் பூட்டுக்கு அது வேண்டும், இல்லையென்றால் நோலாக் போடு என்றது. நேற்று வரை ஸ்டாட்டிடி என்ற பெயரையே நான் கேட்டதில்லை, இன்றைக்கு ஏன் கேட்கிறது? மவுன்ட் உதவி நிரல் முதலில் 4.2-ஐக் கேட்டுப் பார்க்கிறது, என் கெர்னலில் 4 இல்லை, சத்தம் போடாமல் 3-க்கு இறங்குகிறது. 3-இல் கோப்புப் பூட்டுதல் நெறிமுறைக்குள் கிடையாது, அதற்குத் தனியாக லாக்டி, ஸ்டாட்டிடி, போர்ட் 111-இல் ஆர்பிசிபைண்ட் என்று ஒரு பட்டாளமே வேண்டும். 4-இல் பூட்டு நெறிமுறைக்குள்ளேயே வந்துவிட்டது, போர்ட் 2049 ஒன்று திறந்திருந்தால் வேலை நடக்கும். தலைவலி என்று நான் கழித்ததுதான் உண்மையில் குறைந்த தலைவலி. 4-ஐத் திரும்பப் போட்டேன், ஸ்டாட்டிடி பேச்சே வரவில்லை.

பக்கத்திலேயே எதிர்மறையாக ஒரு தேர்வு நிற்கும், யுடிபி ஆதரவை நிறுத்து என்று. அதில் ஒய் (ஆம்) போட்டால் ஒரு வசதி போகும், என் (இல்லை) போட்டால் வரும். வேகமாக ஓட்டிக்கொண்டே போகிறவர்கள் ஏதோ தேவையில்லாத வசதி என்று அணைத்துவிட்டு, யுடிபியை உயிர்ப்பித்துவிடுவார்கள். அப்படியே விட்டுவிடுங்கள். கிகாபிட் வேகத்தில் யுடிபி வழியே என்எஃப்எஸ் ஓட்டினால், பாக்கெட் துண்டுகளுக்கு இருக்கும் 16 பிட் அடையாள எண் சீக்கிரமே சுற்றி வந்து, ஒரு பாக்கெட்டின் துண்டோடு இன்னொன்றின் துண்டு ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. தரவு சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

கெர்னலுக்கு வெளியே இருக்கும் பாதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெர்னலில் எல்லாம் சரியாக இருந்தும் மவுன்ட் ஆகாமல் தவிக்கிறவர்கள் அதிகம். சர்வரின் பெயரைக் கொடுத்து மவுன்ட் என்று அடிக்கிறோம் இல்லையா, அந்தப் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது கெர்னல் இல்லை. மவுன்ட்.என்எஃப்எஸ் என்ற சின்ன உதவி நிரல்தான் முகவரியைக் கண்டுபிடித்து, அதையும் ஒரு தேர்வாகச் சேர்த்துக் கெர்னலிடம் கொடுக்கிறது. என்எஃப்எஸ் யூட்டில்ஸ் தொகுப்பு நிறுவாமல் இருந்தால் அந்த நிரல் இல்லை, கெர்னலுக்கு முகவரி போகாது, "தவறான தேர்வு" என்று வரும், கூடவே எஸ்பின் அடைவில் உதவி நிரல் தேவைப்படலாம் என்று ஒரு நீளமான வரியும் வரும். நம் ஆட்கள் முதல் இரண்டு சொல்லை மட்டும் படித்துவிட்டு மவுன்ட் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் உள்ள தேர்வுகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விடை அந்த வரியின் வாலில் இருக்கிறது.

அடுத்தது எஸ்எம்பி, விண்டோஸ் பகிர்வுகளுக்கான நெறிமுறை, மெனுவில் பல காலம் சிஐஎஃப்எஸ் என்ற பெயரில் இருந்தது. இங்கே என்னை மாட்டிவிட்டது என் தமிழ்தான். மவுன்ட் ஆனது, அடைவு திறந்தது, ஆங்கிலப் பெயர் கொண்ட கோப்புகள் எல்லாம் சரி, தமிழில் பெயர் வைத்திருந்த கோப்புகள் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறி. ஒரு கோப்புக்குப் பதினொரு கேள்விக்குறி, இன்னொன்றுக்கு ஆறு. எழுத்துரு பிரச்சினை என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதே டெர்மினலில் லோக்கல் டிஸ்க்கில் உள்ள தமிழ்ப் பெயர்கள் அழகாகத் தெரிந்தன.

எஸ்எம்பி நெறிமுறையில் பெயர்கள் 16 பிட் யூனிகோடில் வருகின்றன. அவற்றை நம் பக்கத்து எழுத்துமுறைக்கு மாற்றுவது கெர்னல். அந்த மாற்று அட்டவணைகள் ஃபைல் சிஸ்டம்ஸ் மெனுவின் அடியில் நேட்டிவ் லாங்குவேஜ் சப்போர்ட் என்ற தனி மெனுவில் கிடக்கின்றன, நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்ஸுக்குள் அல்ல. அங்கே இயல்புநிலை ஐஎஸ்ஓ 8859-1 என்று இருந்தால், அதில் தமிழுக்கு இடம் ஏது? இடம் இல்லாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டுக் கெர்னல் தன் வழியில் போய்விடுகிறது. இதைவிட மோசம், இரண்டு கோப்புகளின் பெயர் நீளம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே பெயர் போலத் தெரியும், இரண்டையும் திறக்கவும் முடியாது.

மவுன்ட் தேர்வுகளில் எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்று சேர்த்தால் தீரும் என்று சேர்த்தேன். பிழை 79, தேவையான பகிர்வு நூலகத்தை அணுக முடியவில்லை என்று வந்தது. நூலகமா? எந்த நூலகம்? லிப் அடைவெல்லாம் துழாவாதீர்கள், அப்படி எதுவும் காணாமல் போகவில்லை. யுடிஎஃப்-8 அட்டவணை மாட்யூல் கெர்னலில் இல்லை என்பதைச் சொல்லத்தான் அந்த எண்ணைக் கெர்னல் கடன் வாங்கியிருக்கிறது. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிஎம்எஸ்ஜி பார்த்தால் அங்கே மட்டும் ஒழுங்கான வரி இருக்கும், யுடிஎஃப்-8 கிடைக்கவில்லை என்று. லோக்கல்மாட்கான்ஃபிக் அதையும் கழித்திருந்தது. அந்த மாட்யூலைப் போட்டு, இயல்புநிலையையும் யுடிஎஃப்-8 என்று மாற்றியதும் கேள்விக்குறிகள் எல்லாம் மீண்டும் எழுத்தாகின. தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு இடத்தை மறக்கவே கூடாது. ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைக்கிறவர்களுக்கு இப்படி ஒரு குறை இருப்பதே தெரிய வராது, அதனால் அவர்கள் எழுதிய வழிகாட்டிகளில் இது இருக்காது.

எஸ்எம்பி-யில் இன்னும் ஒன்று. பழைய பகிர்வுப் பெட்டி ஏதாவது வைத்திருந்தால் "ஹோஸ்ட் இஸ் டவுன்", பிழை 112 என்று வரும், ஆனால் ஹோஸ்ட் உயிரோடு பிங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். 2017-இல் வானாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. அதே ஆண்டு வந்த 4.13 கெர்னலிலிருந்து, பதிப்பைக் குறிப்பிடாமல் மவுன்ட் செய்தால் லினக்ஸ் முதல் பதிப்பைக் கேட்பதில்லை. பெட்டிக்கு முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும் என்றால் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள், அதைக் கெர்னல் ஹோஸ்ட் செத்துவிட்டது என்று மொழிபெயர்க்கிறது. பதிப்பு 1.0 என்று வற்புறுத்தலாம், கெர்னலில் அந்தப் பாதுகாப்பற்ற பழைய நெறிமுறைக்கான தேர்வும் ஒய் ஆக இருந்தால் ஓடும். நான் அந்தத் தேர்வை அணைத்தே வைத்திருக்கிறேன். பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

எஸ்எம்பி சர்வரைக் கெர்னலுக்குள்ளேயே ஓட்டும் கேஎஸ்எம்பிடி 5.15-இல் வந்தது. கோப்பு வழங்கும் சின்னச் சாதனங்களுக்கு, நினைவகம் குறைவான இடத்துக்கு, நியாயம் இருக்கலாம். என் கணினிக்கு, கெர்னலுக்கு வெளியே ஓடும் எஸ்எம்பி சர்வரான சாம்பா போதும். சாம்பாவில் ஓட்டை விழுந்தால் ஒரு நிரல்தான் கவிழும், கெர்னலுக்குள் விழுந்தால் கெர்னலே கவிழும். 2022 டிசம்பரில் கேஎஸ்எம்பிடியில் வெளியான ஓட்டைக்கு 10-க்கு 10 தீவிரம் என்று மதிப்பெண் போட்டிருந்தார்கள். அதைச் செயல்படுத்தாதவர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை, அதனால் மெனுவில் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

இதெல்லாம் முடிந்ததும் அடங்கியிருக்கலாம். ஆனால் கையில் ஒரு சின்ன போர்டு இருந்தது, அதன் மெமரி கார்டு அடிக்கடி செத்துக்கொண்டிருந்தது. ரூட் ஃபைல்சிஸ்டத்தையே (இயங்குதளக் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) என்எஃப்எஸ் வழியாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று ஆரம்பித்தேன். மெனுவில் ரூட்டை என்எஃப்எஸ்-இல் வைக்கும் தேர்வைத் தேடினால் அப்படி ஒரு வரியே இல்லை. வழிகாட்டிகள் எல்லாம் அங்கே ஒய் போடு என்கின்றன, என் திரையில் அங்கே எதுவும் இல்லை.

மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தித் தேடினால் மறைந்திருக்கும் தேர்வுகளும் வரும், ஒவ்வொன்றும் எதைச் சார்ந்திருக்கிறது, இப்போது அதன் நிலை என்ன என்று அடியில் இருக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் எனக்கு மெனுகான்ஃபிக் என்றால் பயம் போனது. என்எஃப்எஸ் கிளையன்ட் எம் ஆக இருக்கக் கூடாது, ஒய் ஆக, அதாவது கெர்னலுக்குள்ளேயே சேர்ந்ததாக, இருக்க வேண்டும், இது ஒன்று. கெர்னலே தனக்கு ஐபி முகவரி வாங்கிக்கொள்ளும் ஆட்டோகான்ஃபிகரேஷன் தேர்வும் ஒய் ஆக வேண்டும், இது இன்னொன்று. இந்த இரண்டாவது நெட்வொர்க்கிங் மெனுவின் டிசிபி ஐபி பகுதிக்குள் இருக்கிறது, ஃபைல் சிஸ்டம்ஸ் பக்கமே வராது. யோசித்தால் நியாயம்தான். மாட்யூல்கள் ரூட் ஃபைல்சிஸ்டத்தில் இருக்கின்றன, ரூட் ஃபைல்சிஸ்டம் நெட்வொர்க்கின் மறுமுனையில் இருக்கிறது, அங்கே போக மாட்யூல் வேண்டும் என்றால் பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது மாதிரி.

இரண்டையும் ஒய் ஆக்கினேன், பூட் செய்தேன், நெட்வொர்க் சாதனம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கெர்னல் பேனிக் ஆனது (மேலே ஓட முடியாமல் நின்றது). ஈதர்நெட் டிரைவர் இன்னும் எம். அதை ஒய் ஆக்கினேன். இப்போது சாதனம் தெரிந்தது, இணைப்பு வரவில்லை, நெட்வொர்க்குக்காக இன்னும் இத்தனை விநாடி காத்திருப்பேன் என்று 120-இலிருந்து எண்ணிக்கொண்டே வந்து கடைசியில் மறுபடி பேனிக். ஈதர்நெட் சிப் வேறு, கம்பியோடு பேசும் ஃபை சிப் வேறு, அதற்குத் தனி டிரைவர், அதுவும் எம் ஆக உட்கார்ந்திருந்தது. மூன்றாவது முறைதான் பூட் ஆனது. இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது நினைவகத்தில் ஏறும் சின்ன ஃபைல்சிஸ்டம்) வைத்திருந்தால் இந்த வித்தை எதுவும் வேண்டாம், டிரைவர்களை அதற்குள் அடைத்து மாட்யூலாகவே ஓட்டிவிடலாம். போர்டில் பூட் நேரம் குறைய வேண்டும் என்று நான்தான் அதை வேண்டாம் என்றேன்.

பூட் வரியில் ரூட் இருக்கும் இடமாக டெவ் அடைவின் என்எஃப்எஸ் என்று கொடுக்க வேண்டும். அப்படி ஒரு சாதனக் கோப்பு எங்கும் கிடையாது, கெர்னலுக்கான ஒரு சங்கேதச் சொல், தேடாதீர்கள். அதன் கூடவே சர்வர் பாதைக்குப் பின்னால் கமா போட்டு 3-ஆம் பதிப்பு, டிசிபி என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பழைய கெர்னல் 2-ஆம் பதிப்பைக் கேட்கும், புது சர்வருக்கு அது தெரியாது.

மெய்நிகர் இயந்திரத்தோடு கோப்புறை பகிர 9பி (மெனுவில் பிளான் 9 என்று இருந்தது) போடுகிறவர்களுக்கும் இதே கதை. ஃபைல்சிஸ்டம் ஒரு மெனுவில், 9பி போக்குவரத்தும் விர்ட்டியோ இணைப்பும் நெட்வொர்க்கிங் மெனுவில். நெட்வொர்க்கிங் பக்கம் போடாத வரை ஃபைல் சிஸ்டம்ஸில் அந்த வரியே தெரியாது.

இப்போது நான் மெனுவைத் திறப்பதையே குறைத்துவிட்டேன். ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் கான்ஃபிக் என்ற நிரல் இருக்கிறது, அதைக் கொண்டு கட்டளையிலேயே தேர்வுகளை மாற்றலாம். ஆனால் அது சார்புகளைப் பார்க்காது, கோப்பில் எழுதிவிட்டுப் போய்விடும். பிறகு விடுபட்டதை இயல்புநிலையால் நிரப்பும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டும்போது சார்பு பொருந்தாத வரியை அது ஒரு வார்த்தை சொல்லாமல் நீக்கிவிடும். போட்டேனே, எங்கே போனது என்று இரண்டு முறை ஏமாந்தேன். அதனால் எனக்கு வேண்டிய வரிகளை மட்டும் ஒரு சின்னக் கோப்பில் வைத்துக்கொண்டு மெர்ஜ் கான்ஃபிக் ஸ்கிரிப்ட்டால் சேர்க்கிறேன். அந்தக் கோப்பில் என்எஃப்எஸ் கிளையன்ட், 4-ஆம் பதிப்பு, எஸ்எம்பி கிளையன்ட், யுடிஎஃப்-8 அட்டவணை, போர்டுக்கு மட்டும் ரூட் என்எஃப்எஸ், இவ்வளவுதான் இருந்தன. கேட்ட மதிப்பு இறுதிக் கோப்பில் வராவிட்டால், கேட்டது இது, கிடைத்தது இது என்று இந்த ஸ்கிரிப்ட் வாய் திறந்து சொல்லும். முதல் முறை ஓட்டியதுமே ஒரு வரியைப் பிடித்தது: ரூட் என்எஃப்எஸ் கேட்டாய், வரவில்லை. கோப்பில் ஆட்டோகான்ஃபிகரேஷன் வரியை எழுத மறந்திருந்தேன்.